திரும்பினது ஆர்

பாலையூற்றுச் சந்தியில் சோற்றுப் பார்சல் கடை வைத்திருக்கும் இன்பமலர், மீன்காரர் சரீப்பை கெப் வாகனம் ஒன்று அடித்ததைத் தன் கண்ணால் கண்டாள். காலை ஏழரை மணி இருக்கும். கிண்ணியாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற சரீப், கடைக்கு எதிர்ப்பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி ஹோன் அடித்து ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த வெள்ளை கெப் ஒன்று, எதிரே லொறி வரக் கண்டு, சடாரென்று அந்த ஓரத்துக்குத் திருப்பியது. மீன்பெட்டி எங்கோ போய் விழுந்தது. சரீப் றோட்டோரத் தண்ணீர் ஓடும் காணுக்குள் கிடந்தார். கெப் நிற்கவில்லை.

இன்பமலர் இலக்கத் தகட்டைப் பார்த்து மணிக்கட்டில் பேனையால் எழுதிக்கொண்டாள். அம்புலன்சுக்கும் பொலிசுக்கும் போன் அடித்தது அவள்தான். மறுநாள் வாக்குமூலம் கொடுக்க வரச்சொல்லி அழைப்பு வந்தபோது, துறைமுகத்தில் வேலை செய்யும் அவள் புருசன் சிறிலுக்கு அது பிடிக்கவில்லை.

"நம்பரைச் சொல்லிட்டாய்தானே. பிறகேன் போறாய்? சாட்சி எண்டு பேர் விழுந்தால் வருசக்கணக்கா கோட்டுக்கு அலையவேணும்."

"நான் பாத்தனான் எல்லே. பாக்காத மாதிரி எப்பிடி இருக்கிறது?"

பொலிஸ் நிலையத்தில் தமிழில் எழுதத் தெரிந்த அதிகாரி அன்றைக்கு லீவு. ஒரு இளம் கொன்ஸ்டபிள் கதிரையை இழுத்துப் போட்டு, மரியாதையாக, "அம்மா மெதுவா சொல்லுங்க, நான் எழுதுறன்" என்றான். அவள் சொல்லச் சொல்ல அவன், அவளுக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதினான். நடுவில் இரண்டு தரம் தொலைபேசி அடித்தது. எழுந்து போய்க் கதைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி கேட்டான். பத்தரை மணியாகிவிட்டது. கடையில் கறி ஒன்றும் அடுப்பில் ஏறவில்லை என்ற நினைப்பு அவளுக்கு. அவன் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு ஓட்டமாக வந்துவிட்டாள்.

பத்தாம் நாள் ஒரு பெண் கடைக்கு வந்தாள். முக்காட்டைச் சரிசெய்தபடி வாசலிலேயே நின்றாள்.

"நீங்கதானா இன்பமலர் அக்கா? நான் றம்ஸியா. மீன்காரர் சரீப்ட பொஞ்சாதி."

"வாங்கோ தங்கச்சி, இருங்கோ. இப்ப அவருக்கு எப்பிடி?"

அவள் இருக்கவில்லை. "கண்டி ஆசுப்பத்திரிக்கு ஏத்தினது. இன்னும் கண் முழிக்கல்ல. அவர்தான் சடாரெண்டு மோட்டார் சைக்கிளை றோட்டுக்குத் திருப்பினதெண்டு நீங்க சொல்லியிருக்கீங்களாம். கெப்காரர்ட லோயர் அதைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். நான் சண்டைக்கு வரல்ல அக்கா. அப்பிடித்தான் நடந்ததெண்டா சொல்லுங்க, நான் போறன்."

இன்பமலரின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. "நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றாள். சொன்ன கையோடு, அன்றைக்குத் தன் வாயிலிருந்து வந்தது நினைவில் வந்தது. மோட்டார் சைக்கிள் ஓரத்தில் நின்றது, சடாரெண்டு திருப்பினது, அடிச்சது. திரும்பினது ஆர் என்று அவள் சொல்லவில்லை. கண்ணால் கண்டவளுக்கு அது சொல்லாமலே விளங்குகிற விசயமாக இருந்தது. எழுதினவனுக்கு விளங்கவில்லையா, அல்லது அந்தத் தொலைபேசியில் ஆராவது ஏதாவது சொன்னார்களா?

அடுப்பு நெருப்பை நூர்த்துவிட்டு, றம்ஸியாவையும் கூட்டிக்கொண்டு அப்போதே பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். லீவு முடிந்து வந்திருந்த வினோதன் என்ற தமிழ் அதிகாரி கோப்பை எடுத்துப் பழைய வாக்குமூலத்தைத் தமிழில் சொன்னார். றம்ஸியா கேள்விப்பட்டது சரிதான். கீழே இன்பமலரின் கையெழுத்து, வளைவு நெளிவெல்லாம் அவளுடையதேதான்.

"இதை மாத்தவேணும் சேர்."

"மாத்த ஏலாது அக்கா. புதுசா இன்னொண்டு தரலாம். ஆனா ரெண்டும் கோப்பில இருக்கும். எது பொய்யெண்டு கோட்டில கேப்பாங்கள். பொய் வாக்குமூலம் குடுத்ததெண்டு உங்களில வழக்குப் போடவும் இடமிருக்கு. யோசிச்சுச் செய்யுங்கோ."

அவர் வெருட்டவில்லை. சொந்தக்காரரைப்போல் தணிந்த குரலில் சொன்னார். அதனாலேயே பயம் கூடியது. சிறில் சொன்னதெல்லாம் காதுக்குள் கேட்டது. பக்கத்தில் றம்ஸியா தன் கைகளையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"எழுதுங்கோ" என்றாள் இன்பமலர். "தமிழில எழுதுங்கோ. நான் வாசிச்சுப் போட்டுத்தான் சைன் வைப்பன்."

ஒன்றரை மணித்தியாலம் போனது. ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்து வாசித்தாள். திருப்பியது என்று வந்த இடத்திலெல்லாம் கெப் என்ற சொல்லைப் போடவைத்தாள். ஓரிடத்தில் எதிர்ப்பக்கம் என்பது விடுபட்டிருந்தது. அதையும் எழுதவைத்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து, முன்பு எழுதின கொன்ஸ்டபிள் கோப்புக் கட்டோடு அந்த வழியால் போனான். "அம்மா, சுகமா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னவென்று எடுப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் றம்ஸியா, "அண்டைக்கே ஒருக்கா வாசிச்சுக் காட்டச் சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டாள்.

"ஓம்" என்றாள் இன்பமலர்.

அடுத்த மாதம் வழக்குக் கூப்பிட்டார்கள். சிறில் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தான். வழியெல்லாம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனாலும் வந்தான். கெப்காரரின் லோயர் இரண்டு வாக்குமூலமும் ஒன்றுக்கொன்று மாறாக இருப்பதை எடுத்துச் சொல்ல, வழக்கு மூன்று மாதம் தள்ளிப்போனது. இன்பமலரை அன்றைக்கு விசாரிக்கவில்லை. அடுத்த தவணைக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றார்கள்.

நீதிமன்ற வாசலில் றம்ஸியா கிட்ட வந்தாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு தெரிந்தது.

"இவர் கண் முழிச்சிட்டார் அக்கா. பிள்ளைகளை அடையாளம் தெரியுது. கஞ்சியும் குடிக்கிறார்."

"ஆண்டவரே" என்றாள் இன்பமலர். "அப்ப அவரே வந்து சொல்லலாம்."

றம்ஸியா இல்லையென்று தலையை ஆட்டினாள். "அண்டைய நாள் மட்டும் அவருக்கு ஞாபகமில்ல. வீட்டால வெளிக்கிட்டதுகூடத் தெரியாதாம்."

பஸ்ஸில் வந்தவர்கள் ஒருவரையும் பொலிஸ் தேடிப் பிடிக்கவில்லை. லொறிக்காரனும் போய்விட்டான். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் கூண்டில் ஏறி, சரீப் நின்றதையும் கெப் திரும்பினதையும் சொல்ல, இனி இன்பமலரைத் தவிர ஆருமில்லை.