வளைந்து போன றோட்டு

"வேலியை ஒரு முழம் உள்ளுக்குத் தள்ளினால் என்ன குறைஞ்சு போகும்?" என்று மீனலோசனி கணவனைக் கேட்டுவிட்டாள். வெளியே றோட்டுக்கு அளக்க வந்த ஓவசியர் முருகேசு அளவுச் சங்கிலியோடு காத்து நின்றார்.

"குறையிறது மரியாதை," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "பனையேறுற சனத்தின்ரை காரும் பிரேதமும் என்ரை வாசலாலை போகவோ?"

அந்தச் சனத்திடம் கார் கிடையாது. பிரேதம் இருந்தது. போன மாரியில் அவர்களில் ஒருத்தியான நாகமுத்துவின் மகள் சீதேவிக்கு வலி கண்டபோது வாடகைக் கார் அந்த ஒடுங்கின ஒழுங்கைக்குள் நுழையவில்லை. கதிரையில் இருத்தித் தூக்கிப் போனார்கள். பிள்ளை வழியிலேயே செத்துப் பிறந்தது. இப்போது சீதேவி மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சி.

சுருவில் ஊரில் றோட்டு முதலில் பேச்சில் வரும், பிறகு கடதாசியில் வரும், பிறகு யாராவது ஒருவருடைய வேலியில் முட்டி நிற்கும். காணிக்காரர் மனமுவந்து கையெழுத்து வைத்தால்தான் கல் இறங்கும். ஆழ்வாப்பிள்ளை வைக்கவில்லை. கிராமச் சங்கத்தார் மிகுந்த வருத்தத்தோடு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

நாகமுத்து ஓவசியரிடம் போனாள்.

"றோட்டை என்ரை வளவுக்காலை விடுங்கோ ஐயா."

"உன்ரை குசினி போயிடும்."

"அடுப்பை எங்கையும் மூட்டலாம். பிள்ளை அப்பிடியில்லை."

றோட்டு ஆழ்வாப்பிள்ளையின் வேலிக்கு மரியாதை கொடுத்து வளைந்து, நாகமுத்துவின் குசினி இருந்த இடத்தால் போனது. கார்த்திகையில் கார் வாசலுக்கே வந்து சீதேவியை ஏற்றிப் போனது. ஆண்பிள்ளை. நல்ல சத்தம்.

தையில் ஆழ்வாப்பிள்ளையின் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை பகுதி வெளியூர். அவர் வாசல் ஒழுங்கையில் மாரி வெள்ளம் இன்னும் வற்றவில்லை. கார் வந்து நிற்கக்கூடிய கிட்டிய இடம் புது றோட்டில் நாகமுத்துவின் வாசல் படலையடிதான். அதற்கு நேரே ஆழ்வாப்பிள்ளை தன் பின்வேலியைத் தானே பிரித்து வழி விட்டார். மாப்பிள்ளையை வரவேற்கிற நிறைகுடமும் அந்தப் படலையடியிலேயே வைக்க வேண்டி வந்தது.

"அண்டைக்கு மட்டும் அவள் உள்ளுக்கை இருக்கட்டும்," என்று முருகேசுவிடம் சொல்லியனுப்பினார்.

"சங்கத்து றோட்டிலை நிக்க ஆரிட்டைக் கேக்க வேணும்?" என்றாள் நாகமுத்து.

கலியாணத்தன்று புதுச்சேலை உடுத்து, பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். காரால் இறங்கிய மாப்பிள்ளையின் தாய், நிறைகுடத்தடியில் நின்ற மூத்த மனிசியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"வாங்கோ," என்றாள் நாகமுத்து.

தாய் குழந்தையின் கன்னத்தைத் தடவிவிட்டு ஆழ்வாப்பிள்ளையிடம் திரும்பினாள்.

"இவ உங்களுக்கு என்ன முறை?"

உண்மையைச் சொன்னால், எங்களை ஆருடைய வாசலில் இறக்கினீர்கள் என்று அடுத்த கேள்வி வரும்.

"கிட்டின சொந்தம்," என்றார் ஆழ்வாப்பிள்ளை.