ஆறு வயதைத் தாண்டாத பையன்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்றாவது பொய்யாக இருந்தால் சொல்பவன் தலையில் கிளையோடு, பலாப்போல முள் நிறைந்த டுரியான் விழட்டும். அதுவும் பழுக்காத காயாகப் பார்த்து விழட்டும். இதற்கு மேல் ஒருவனிடம் என்ன உறுதிமொழி கேட்க முடியும்?

கோலா ரெஞ்சா என்ற ஆற்றங்கரை ஊரில் பாலத்தைத் தாண்டியதும் வருகிற ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில், ஓட்டை பார்க்கும் பிரிவில் ரொஸ்னானி வேலை செய்தாள். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட வேண்டும். இரண்டு நிமிடம் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். சொட்டினால் அந்தப் பெட்டியே கழிந்தது. ரொஸ்னானிக்கு இரண்டு நிமிடமெல்லாம் தேவைப்படவில்லை. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே, "இதுல மோதிர விரல்" என்பாள். மோதிர விரலில் ஒழுகும். ஒரு தடவை மேலாளரின் அலுவலகக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பதருல் சார், உங்க மேசையக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க" என்றாள். அவர் சிரித்தார். மறுநாள் மழையில் அவருடைய கோப்புகள் எல்லாம் நனைந்தன.

அப்படிப்பட்ட கண் உள்ளவள், தன் சொந்தப் பொய்யில் இருந்த ஓட்டையைக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கவனித்தாள். ஒன்பது வருடமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் கவனித்தாள்.

அது ஆரம்பித்தது இப்படித்தான். ஏழு வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள தாய்மார், வாரத்தில் ஒரு நாள் நாலு மணிக்கே வீட்டுக்குப் போகலாம், பிள்ளைக்குப் புத்தகம் படித்துக் காட்டலாம் என்று தொழிற்சாலையில் ஒரு விதி வந்தது. ரொஸ்னானியின் மகன் ஹில்மிக்கு அப்போது ஆறு வயது. கணவர் எண்ணெய்க் கப்பலில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தலைகாட்டுவார். படிவத்தில் "பிள்ளையின் வயது: 6" என்று எழுதிக் கொடுத்தாள். வியாழக்கிழமை வந்தால் தாயும் மகனும் நூலகத்தின் சிறுவர் அறையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரமுள்ள சிவப்பு நாற்காலிகளில் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். உலகத்தில் அதற்கு ஈடான சுகம் ஒன்று இருப்பதாக ரொஸ்னானிக்குத் தெரியவில்லை.

அடுத்த ஜனவரியில் படிவத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவசரத்தில் போன வருடத்துப் படிவத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டாள். 6. அது தவறுதலாக நடந்தது. அதற்கும் அடுத்த ஜனவரியில் பேனாவைப் பிடித்தபடி பத்து நிமிடம் யோசித்தாள். பிறகு 6 என்று எழுதினாள். அது தவறுதலாக நடக்கவில்லை.

ஒன்பது வயதில் ஹில்மி, "அம்மா, இதெல்லாம் சின்னப் பசங்க புத்தகம். எனக்கு வெக்கமா இருக்கு, நான் வரல" என்று சொல்லிவிட்டுப் பந்து விளையாடப் போனான். ரொஸ்னானி மட்டும் நூலகத்துக்குப் போனாள். ஒரே ஒரு வாரம், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள்.

அந்த ஒரு வாரம் ஆறு வருடம் நீண்டது. முழங்கால் காதைத் தொட, சிவப்பு நாற்காலியில் மடங்கி உட்கார்ந்து, குடை பிடிக்க மறுத்த தவளையையும், சந்தைக்குப் போய்த் தன் முட்டையைத் தானே வாங்கி வந்த வாத்தையும் படிப்பாள். வாத்துக்கு ஒரு குரல், கடைக்காரருக்கு ஒரு குரல். யாராவது எட்டிப் பார்த்தால், "பையனுக்கு எடுத்துட்டுப் போகத்தான், முதல்ல நானே படிச்சுப் பாக்குறேன்" என்பாள். அவளுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது தூக்கம் வராத எருமையின் கதை. அதில் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் எலி ஒளிந்திருக்கும். எல்லாப் பக்கத்திலும் கண்டுபிடித்துவிட்டாள், பதினொன்றாம் பக்கத்தைத் தவிர. ஊசிமுனை ஓட்டையைப் பார்க்கிற கண்ணுக்கு அந்த எலி மட்டும் சிக்கவே இல்லை.

வீட்டில் ஹில்மியிடம் என்ன சொன்னாள்? "வியாழக்கிழமை ஓவர்டைம்டா. ஏழரை ஆகும். மேகி கிண்டிச் சாப்பிட்டுக்க."

தொழிற்சாலையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆற்றுக்கு அக்கரைக்காரர்கள். ரொஸ்னானி மட்டும் இக்கரை. அதனால் பையனை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பக்கத்து மேசை சுரினாவுக்குக் கணக்கு வரும்.

"ரொஸ், இந்த விதி வந்த புதுசுல உன் பையன் என் மூத்தவனைவிட ரெண்டு வயசு பெரியவன். இப்போ என் மூத்தவன் உன் பையனைவிட ஏழு வயசு பெரியவன். இது எப்படி?"

"அவனுக்கு வளர்ச்சி கொஞ்சம் மெதுவாத்தான்க்கா" என்றாள் ரொஸ்னானி. வாயிலிருந்து வந்த சொல்லைப் பிடித்து உள்ளே தள்ள முடிந்திருந்தால் தள்ளியிருப்பாள்.

சுரினாவின் முகம் மாறிவிட்டது. "ஐயோ, இத்தனை நாளா சொல்லாம இருந்திருக்கியே, பாவி. தனியாவா தாங்கிக்கிட்டே?" என்று ஈரக் கையுறையோடு அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் ஹருவான் என்கிற விரால் மீன் சூப் வர ஆரம்பித்தது. அறுவைசிகிச்சை ஆனவர்களுக்குத் தசை கூடுவதற்குக் கொடுக்கிற சூப். சுரினா விடியற்காலையில் சந்தைக்குப் போய் உயிர் மீன் வாங்கி, இஞ்சி தட்டிப் போட்டுக் காய்ச்சி, தூக்குப்பாத்திரத்தில் துணி சுற்றிக் கொண்டுவருவாள்.

ரொஸ்னானி அதைக் கொட்டவும் மனமில்லாமல் மறுக்கவும் வாயில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஹில்மி குடித்தான். அந்தச் சூப்பின் சக்தி சாதாரணமல்ல. முதல் மாதத்தில் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியது. மூன்றாம் மாதத்தில் நிலைப்படியில் தலை இடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இருந்ததைவிட, எழுந்தபோது அரை விரல் கூடியிருந்தான். சுவரில் பென்சில் கோடு இன்றும் இருக்கிறது. பதினைந்து வயதில் மீசையும் ஆறடி உயரமுமாக நின்றான். சுரினா ஒவ்வொரு வெள்ளியும் கேட்பாள்:

"கொஞ்சமாவது ஏறினானா?"

"கொஞ்சம் ஏறியிருக்கான்க்கா." அந்த ஒரு பதில் மட்டும் பொய்யில்லை. அதைச் சொல்லும்போதுதான் ரொஸ்னானிக்கு உடம்பெல்லாம் கூசியது.

இப்படி இருக்கையில், தொழிற்சாலையின் குடும்ப நாள் வந்தது. பதருல் சார் நேராக அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"ரொஸ்னானி, இந்த வருஷம் முன்மாதிரித் தாய் நீங்கதான். ஒன்பது வருஷத்துல ஒரு வியாழக்கிழமை கூட நீங்க விட்டதில்லை. நான் பதிவேட்டைப் பார்த்தேன். மத்த பொம்பளைங்க எல்லாம் ஒரு வருஷத்துல விட்டுட்டாங்க."

"அவங்க பிள்ளைங்க வளர்ந்துட்டாங்க சார்" என்றாள் ரொஸ்னானி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அதான் சொல்றேன். பையனை மேடைக்குக் கூட்டிட்டு வாங்க. இந்தாங்க அவனுக்குச் சட்டை." மஞ்சள் சட்டை. கழுத்துப் பட்டையில் 6 என்று போட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஹில்மி பந்தாட்டம் முடிந்து வந்தபோது, துவைத்த சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"அம்மா, இது யாருக்கு? பூனைக்கா?"

"உனக்கு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பிறகு சொன்னாள், படிவத்தில் தொடங்கி, சூப்பு வரைக்கும், ஒன்றையும் விடாமல். சொல்லச் சொல்லச் சட்டையின் ஓரத்தை மடித்துக்கொண்டே வந்தாள். முடித்தபோது அது கைக்குட்டை அளவுக்கு ஆகியிருந்தது.

ஹில்மி அந்த மடிப்பை அவள் கையிலிருந்து வாங்கினான். "அப்போ வியாழக்கிழமை ஓவர்டைம்?"

"இல்லடா."

"நீ பாவம், நின்னுக்கிட்டே வேலை செய்யறியேன்னு நான் பாத்திரமெல்லாம் கழுவி வெச்சேன். தனியா உக்காந்து மேகி தின்னுட்டு. ஆறு வருஷம்." குரல் ஒரு மாதிரி உடைந்து வந்தது; அந்த வயதில் எதற்கும் உடையும். "என்னையும் கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"நீதானே வெக்கமா இருக்குன்னு சொன்னே. ஒன்பது வயசுல."

"ஒன்பது வயசா? உன் கணக்குல அப்போ எனக்கு ஆறுதானே? ஆறு வயசுப் பையன் பேச்சையெல்லாம் போய் ஏன் கேட்டே?"

"நாளைக்குக் காய்ச்சல்னு சொல்லிடறேன். நீ வர வேணாம்" என்றாள் மெல்ல.

"வரேன். மேடையில உன் மூஞ்சி எப்படி இருக்குன்னு நான் பாக்கணும்."

சனிக்கிழமை ஆற்றங்கரைத் திடலில் இருநூறு மஞ்சள் சட்டைகள். பலூன் உடைக்கும் போட்டியும் சாக்கு ஓட்டமும் முடிந்து, ஒலிபெருக்கியில் பதருல் சார் இரண்டு பெயர்களை அழைத்தார். ரொஸ்னானி ஏறினாள். அவளுக்குப் பின்னால் ஹில்மி, மஞ்சள் சட்டையைக் கழுத்தில் மப்ளர் போலச் சுற்றிக்கொண்டு, மேடைப் பந்தலில் தலை இடிக்காமல் குனிந்து ஏறினான்.

பதருல் சார் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், ஹில்மியைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"தம்பி, படிவத்துல ஆறுன்னு இருக்கே?"

"அடிக்கணக்கா இருக்கும் சார்" என்றான் ஹில்மி.

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் வீறிட்டது. "என் சூப்பு! என் சூப்பு வேலை செஞ்சிருச்சு!" சுரினா நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டாள். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் காய்ச்சிக் குடுத்த ஹருவான் சூப்பு! பாருங்கடி, மீசையே வந்திருச்சு!"

சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்ணெதிரில் ஆறடி சாட்சி நிற்கும்போது என்ன சந்தேகம்? குள்ளப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுரினாவைச் சூழ்ந்தார்கள். "அக்கா, எத்தனை மீன்?" "இஞ்சி எவ்வளவுக்கா?" "என் பொண்ணுக்கும் மீசை வருமா?" பதருல் சாரே தன் மகனை முன்னால் தள்ளிவிட்டார்.

ரொஸ்னானி பேசாமல் இருந்திருந்தால் போதும். வியாழக்கிழமை நாலு மணி, சிவப்பு நாற்காலி, எருமை, எல்லாம் அப்படியே இருந்திருக்கும். ஹில்மி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்; சொன்னபடி அதற்குத்தானே வந்திருந்தான். ஆனால் அவள் பார்த்தது சுரினாவை. நாற்காலி மேல் நின்று, கண்ணைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொருத்தியிடமும் "நல்லா வரும்டி, நல்லா வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரொஸ்னானி ஒலிபெருக்கியை வாங்கினாள்.

"அவனுக்குப் பதினஞ்சு வயசு. எப்பவும் சரியாத்தான் வளர்ந்தான். வியாழக்கிழமை நான் அவனுக்குப் படிக்கல. நூலகத்துல உக்காந்து சின்னப் பசங்க படப் புத்தகத்தை நானே படிச்சிட்டிருந்தேன். எனக்கு அது பிடிக்கும்."

கடைசி வாக்கியம் எதற்கு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒலிபெருக்கி அதைத் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் மோதித் திரும்பக் கொண்டுவந்தது. எனக்கு அது பிடிக்கும். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சுரினா மட்டும் சிரிக்காமல் நாற்காலியிலிருந்து இறங்கி மேடையருகே வந்தாள்.

"அப்போ என் சூப்பு?"

"இவன்தான் குடிச்சான்க்கா. ஒரு சொட்டு விடல."

"பிள்ளை வளரலையேன்னு நான் தொழுகையில அழுதிருக்கேன் ரொஸ்" என்று மட்டும் சொன்னாள் சுரினா. திட்டியிருந்தால் தேவலை.

முன்மாதிரித் தாய்க்கென்று வைத்திருந்த கேடயத்தைப் பதருல் சார் திரும்ப எடுத்து வைத்துவிட்டார். திங்கட்கிழமை நாலு மணி அனுமதியும் போயிற்று. வெள்ளிக்கிழமைத் தூக்குப்பாத்திரமும் போயிற்று. கழுவித் துடைத்து அவள் திருப்பிக் கொடுத்ததைச் சுரினா முகம் பார்க்காமல் வாங்கி மேசைக்கடியில் வைத்தாள். தொங்குகிற கையுறைகளுக்கு முன்னால் ரொஸ்னானி இரண்டிரண்டு நிமிடமாக நின்றாள். ஒழுகுவதை முன்கூட்டிச் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஓட்டையைப் பற்றி வாய் திறக்கத் தனக்குத் தகுதியில்லை என்று தோன்றியது.

அடுத்த வியாழக்கிழமை ஆறு மணிக்கு வெளியே வந்தபோது வாசலில் ஹில்மி சைக்கிளோடு நின்றான்.

"ஏறு. ஏழு மணிக்கு மூடிடுவாங்க."

"வேணாம்டா. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். வீட்டுக்குப் போனா மேகிதான்."

சிறுவர் அறையில் சிவப்பு நாற்காலியில் அவன் உட்கார்ந்தபோது முழங்கால் காதையும் தாண்டிப் போனது. ரொஸ்னானி எருமையை எடுத்து, வாய்க்குள் முனகினாள்.

"கேக்கல. எருமைக்குக் குரல் மாத்திப் படி."

படித்தாள். முகம் சுட்டது; நிறுத்தாமல் படித்தாள். பதினொன்றாம் பக்கம் வந்தது. வழக்கம்போல் அவள் கண் எலியைத் தேடி அலைந்தது. ஹில்மி கையை நீட்டி எருமையின் காது மடலில் விரலை வைத்தான். அங்கே, மயிரோடு மயிராக, எலியின் வால்.

"ஆறு வயசுலயே பாத்துட்டேன்."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"நீ ஒவ்வொரு வாரமும் தேடிக்கிட்டே இருந்தே. அதப் பாக்கத்தான் நான் வந்தேன்."

ரொஸ்னானி புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். ஏழு மணி வரை அதை இறக்கவில்லை.

கோலா ரெஞ்சா நூலகத்துக்கு, கட்டிய நாளிலிருந்தே, வியாழக்கிழமை விடுமுறை. அதனால்தான் சொல்பவன் டுரியான் மரத்தடியில் நிற்பதில்லை.