உலைவீரனின் மூன்றாம் பக்கம்

இடைவேளை விளக்கு எரிந்ததும் நான் போட்ட சத்தத்தில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாத்திட்டானுங்க மாப்ள! மூணாம் பக்கத்தையே மாத்திட்டானுங்க!"

பக்கத்தில் வெள்ளைத்துரை வலது காலை மடக்கி இருக்கைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான். நான்கு மாதமாக அப்படித்தான். பஸ்ஸிலும் சரி, டீக்கடையிலும் சரி, உட்கார்ந்தால் அந்தக் கால் தரையில் படாது. கப்பலூரில் நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் தகடு அடிக்கிற பவர் பிரஸ் இறங்கி அவன் இடது கையில் மூன்று விரல்கள் போயின. பெடலைத் தெரியாமல் மிதித்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் நம்பிவிட்டான். "இந்தக் கால்தான் மாப்ள, சனியன் பிடிச்ச கால்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைக் குத்திக்கொண்டே இருந்தான்.

அவன் மிதிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த பிரஸ்ஸைப் பழுதுபார்க்கிறவன் நான். பிரேக் லைனிங் தேய்ந்துபோயிருந்தது. சூப்பர்வைசர் ராஜேஷ்குமாரிடம் சொன்னேன். "இந்த லாட் போகட்டும் சூர்யா, ஞாயித்துக்கிழமை மாத்திக்கலாம்" என்றார். வெள்ளிக்கிழமை விரல்கள் போயின. சனிக்கிழமை, 'பிரேக் நல்ல நிலையில் இருந்தது' என்று டைப் அடித்த தாளில் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு விசாரணை. தப்பு தன்னுடையதுதான் என்று வெள்ளைத்துரை அங்கே சொல்லப்போகிறான். சொன்னால் அவன் வேலையும் போய்விடும். அதற்கு முந்தின நாள் நான் அவனுக்குச் செய்த உபகாரம் இந்த மேட்னி டிக்கெட்.

உலைவீரன் என்றால் ஆறாம் வகுப்பிலிருந்தே எங்கள் இரண்டு பேருக்கும் உயிர். ஒரே காமிக்ஸ், ஒரு வாரம் அவன் வீட்டில், ஒரு வாரம் என் வீட்டில். உலகப் போர்க்காலம். பீரங்கிக் குண்டு செய்கிற ஆலையில் ஒரு தொழிலாளி. பிரஸ் இறங்கிக் கை நசுங்குகிறது. கொதிக்கும் உலோகம் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க எஃகாகிறது. காமிக்ஸில், மூன்றாம் பக்கத்தில், இயந்திரம் கெட்டிருப்பது முதலாளிக்கு முன்பே தெரியும். இப்போது வந்திருக்கும் படத்திலோ, போர்முனையில் தம்பி செத்த தந்தியைப் படித்து அழுதுகொண்டே அவனே பெடலை மிதித்துவிடுகிறான். முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து கண்ணீர் விடுகிறார்.

"விடு மாப்ள, எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான் வெள்ளைத்துரை. "என்னைய மாதிரியே மிதிச்சுத் தொலைச்சிருக்கான். என்ன, எனக்கு எஃகு ஏறல."

"அட, அது தப்புடா. பிரஸ் எப்படி ஓடுதுன்னே தெரியாதவன் எழுதியிருக்கான்."

ஒன்றை விளக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பாப்கார்ன் டப்பாவை, மேலேயிருந்து இறங்கி அடிக்கிற டை மாதிரி தூக்கிப் பிடித்தேன். "ஃபிளைவீல், அந்தப் பெரிய சக்கரம், எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும். பெடலை மிதிச்சா கிளட்ச் அதோட சேரும். டை ஒரு தடவ இறங்கி மேல வரும். மேல வந்ததும் பிடிச்சு நிறுத்துறது பிரேக். லைனிங் தேஞ்சிருந்தா நிறுத்தாது. வழுக்கிக்கிட்டு இன்னொரு தடவ இறங்கிரும். யாரும் மிதிக்க வேணாம். காமிக்ஸ்ல அவன் ரெண்டு காலும் தரையில இருக்கும், பாத்திருக்கியா? வரஞ்சவனுக்கு விசயம் தெரிஞ்சிருக்கு!"

"தானாவா இறங்கும்?"

"தானாத்தான். அதுவும் திடீர்னு இல்ல. ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடியே காட்டிக்குடுக்கும். டை உச்சிக்கு வந்து நிக்காம, ஒரு விரக்கடை தாண்டிப் போயி நிக்கும். பாக்குறவனுக்கு..."

என் வாய் நின்றது. டப்பாவும் அந்தரத்தில் நின்றது.

வெள்ளைத்துரை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "புதன்கிழமை நம்ம டை அப்படித்தான் நின்னுச்சு" என்றான். "ஒன்னையத்தான் கூப்பிட்டுக் காட்டுனேன். ஒண்ணுமில்ல, ஓட்டுன்னு சொன்ன."

நான் டப்பாவை மடியில் இறக்கி வைத்தேன்.

"மாப்ள. அன்னைக்கு என் காலு எங்க இருந்துச்சு?"

"தரையில" என்றேன்.

முறுக்கு விற்கிறவர் எங்கள் வரிசையைத் தாண்டிப் போகும்வரை அவன் பொறுத்திருந்தான்.

"இப்பச் சொன்னியே, இம்புட்டு அழகா. நாளைக்கு வந்து அதை அப்படியே சொல்லு. டப்பா வேணும்னா நான் வாங்கித் தாரேன்."

"பிரேக் நல்லா இருந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன் மாப்ள. இப்ப மாத்திச் சொன்னா என் வேலை..."

அவன் சிரித்தான். "படத்துல மாத்துனதுக்குத் தியேட்டரே திரும்பிப் பாக்குற மாதிரி கத்துனியேடா."

விளக்கு அணைந்தது. திரையில் உலைவீரன் முதன்முதலாக எழுந்து நின்றான். விசில் பறந்தது. வெள்ளைத்துரை மடக்கியிருந்த காலை இறக்கி, பாதம் முழுக்கப் படும்படி தரையில் ஊன்றினான். இடது கையில் மிச்சமிருந்த இரண்டு விரல்களால் அந்தக் காலைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தான். பிறகு என் முழங்காலைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

பின்னாலேயே போயிருக்கலாம். நான் உட்கார்ந்தே இருந்தேன். கடைசிக் காட்சியில் முதலாளி உலைவீரனின் சட்டையில் மெடல் குத்தினார். அதையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.