பத்து நாள் கழுவாதீர்கள்

கடை ஷட்டரில் ஒட்டியிருந்த நோட்டீஸை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை படித்தால் கிழித்துவிடுவேன் என்று தெரிந்ததால் நிறுத்திக்கொண்டேன். ‘இக்கடையில் பழுது பார்க்கப்பட்ட வாட்டர் ஹீட்டர்கள் தொடர்ந்து எரிந்துபோகின்றன. தரமற்ற பாகங்களே காரணம் எனத் தெரிகிறது. மறு உத்தரவு வரை கடை மூடப்படுகிறது.’

எங்கள் ஊரில் குழாய்க்குத் தண்ணீர் விடுவதும் கடைக்கு உரிமம் தருவதும் ஒரே அலுவலகம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதற்கு இதைவிட வசதியான கட்டிடம் கிடைக்காது.

பதினாறு வருடமாக ஹீட்டர் பழுது பார்க்கிறேன். தெருவில் எனக்குப் பெயரே ஹீட்டரம்மா. ஹீட்டருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், எரிந்தது உண்மைதான். ஏன் எரிந்தது என்று யாராவது கேட்டால்தானே? நான்கு வருடத்துக்கு முன்னால் ஆற்றுத் தண்ணீரை நிறுத்திவிட்டு ஆழ்துளைக் கிணற்றை இணைத்தார்கள். அன்றிலிருந்து, விரல் தடிமன் காயிலின்மேல் ஆறே மாதத்தில் மணிக்கட்டு தடிமனுக்கு வெள்ளை உப்பு ஏறுகிறது. சூடு வெளியே போக வழியில்லாமல் காயில் தன்னையே எரித்துக்கொள்கிறது. சோப்பு நுரைக்காது, திரியும். தலைமுடி துடைப்பமாகும். குழாய் வாயில் வெள்ளைத் தாடி முளைக்கும்.

தண்ணீரைப் பரிசோதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். பரிசோதித்தார்கள். அலுவலகக் குழாயில் பிடித்துப் பரிசோதித்தார்கள். அங்கே உப்பு நீக்கும் இயந்திரம் இருக்கிறது. அதை மாட்டிக் கொடுத்தவளே நான்தான்.

மூன்று மாதம் முன்பு, தெரு மொத்தமும் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்து, ஆய்வாளர் ஒருவர் வீடு வீடாகப் பார்க்க வந்தார். வெளியாள் வருகிறார் என்றதும் எங்கள் தெரு என்ன செய்தது தெரியுமா? விடியற்காலையிலேயே எழுந்து வினிகரும் பிரஷ்ஷுமாகக் குழாய், வாளி, கெட்டில் எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியது. அவருக்குத் தாகம் எடுத்தபோது கேன் தண்ணீர் கொடுத்தது. அவர் எழுதிவிட்டுப் போனார்: ‘குழாய்கள் பளபளப்பாக உள்ளன. நீரில் குறை தென்படவில்லை.’ சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். தண்ணீரில் குறை இல்லையென்றால் குறை யாரிடம்? ஹீட்டரம்மாவிடம்.

அலுவலகத்தில் போய்க் கத்தினேன். மறு ஆய்வுக்குப் பத்து நாளில் தேதி கொடுத்தார்கள். மூன்று இடம் பார்ப்பார்கள், இடங்களை நானே சொல்லலாம். இந்த முறையும் குறை தெரியவில்லையென்றால் உரிமம் ரத்து. பக்கத்து வீட்டு டீச்சர் வீடு, எதிரே இருக்கும் முடிவெட்டும் கடை, என் வீடு என்று எழுதிக் கொடுத்தேன்.

“பத்து நாள் எதையும் கழுவாதீங்க. உப்பு தெரியணும்” என்றேன் டீச்சரிடம்.

“பத்து நாளா? யாராவது வந்தா என்னடி சொல்றது?”

“சோம்பேறின்னு சொல்லுங்க. என் கடைக்காக.”

முடிவெட்டுகிறவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பெருமூச்சு விட்டார். “இதுல புள்ளி புள்ளியா இருந்தா, தலையில ஏதோ வந்துடுச்சுன்னு வர்றவன் பயப்படுவானேம்மா. சரி, உனக்காக.”

மூன்றாவது ஆள்தான் கஷ்டம். என் மாமியார். அத்தை சோப்பையே கழுவி வைக்கிற ஆள். அவர் மகன் லாரியோடு பாதி மாதம் வெளியூரில். வீட்டில் நாங்கள் இருவர்தான். விஷயத்தைச் சொன்னேன். தலையாட்டினார்.

நான்காம் நாள் குழாயடியில் நின்று நகத்தால் சுரண்டப் போனவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

“அத்தை! உங்க கை பத்து நாள் சும்மா இருந்தா என் கடை பொழைக்கும். இருக்காதா?”

“நீ ஈஸியா சொல்லிடுவே. பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? மெஷினைக் கட்டிட்டு அழற மருமக, வீட்டைப் பாக்கத் தெரியலன்னு உன்னைத்தான் சொல்லுவாங்க.”

“கடையே போனா நான் எந்த மெஷினைக் கட்டிட்டு அழறது?”

இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. ஆனால் குழாயில் தாடி வளர்ந்தது. கெட்டிலின் அடி சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆனது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பத்தாம் நாள் காலை அலுவலகத்துக்குப் போய் ஆய்வாளரைக் கையோடு அழைத்து வந்தேன். முதலில் டீச்சர் வீடு. குழாய் கண்ணாடி போல மின்னியது. டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “மன்னிச்சுக்கோடி. காலைல கை தானா போயிடுச்சு” என்று முணுமுணுத்தார். முடிவெட்டும் கடையில் கண்ணாடியில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆய்வாளர் தன் தாளில் இரண்டு டிக் போட்டார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். சிரிப்பில்கூட எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் வீட்டு வாசலிலேயே வினிகர் வாசனை அடித்தது. உள்ளே குழாய், வாளி, கெட்டில், ஷவர் எல்லாம் பாத்திரக் கடையில் இருந்து இப்போதுதான் வந்தது போல இருந்தன. அத்தை ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி நின்றார். எனக்கு அழுகை வந்தது. கோபம் முந்திக்கொண்டது. வாயைத் திறந்தால் அத்தையிடம் ஆயுசுக்கும் மன்னிப்பு கேட்கிற மாதிரி ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“வீட்டை ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க” என்றார் ஆய்வாளர், மூன்றாவது டிக்குக்குப் பேனாவைத் தூக்கியபடி.

“எங்க வீடு எப்பவும் சுத்தம்தான் சார்” என்றார் அத்தை. “உங்க தண்ணிதான் அழுக்கு. பின்னாடி வாங்க.”

பின்கட்டுச் சுவரோரம் எட்டு பிஸ்கட் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. தினமும் அவற்றைத் தாண்டித்தான் துணி காயப்போடுகிறேன். பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தன.

சுரண்டிய உப்பைக் கழிவுக் குழாயில் கொட்டாதீர்கள், அடைத்துக்கொள்ளும் என்று ஹீட்டர் திறக்கிற வீட்டிலெல்லாம் சொல்கிறவள் நான்தான். குப்பை வண்டிக்காரரோ இது கட்டிட இடிபாடு, எடுக்க மாட்டேன் என்பார். அத்தை விடுகிற ஆளா? வண்டிக்காரர்மேல் புகார் கொடுப்பதற்காக, அவர் மறுத்த தேதியை ஒவ்வொரு டப்பாவிலும் ஆணியால் கீறி வைத்திருந்தார். நான்கு வருடத் தேதிகள்.

“இது எல்லாம் உங்க குழாயில இருந்து வந்தது” என்றபடி ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். ஓடு ஓடாக வெள்ளை உப்பு. பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தார். “இது இன்னிக்குக் காலைல சுரண்டினது. பத்து நாள் கழுவக் கூடாதுன்னு மருமக சொன்னா. பத்து நாள் கையைக் கட்டிக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேர் இருக்கற வீட்டுல, பத்து நாளைக்கு இவ்ளோ.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் கத்தினேன். “டீச்சர்! காலைல சுரண்டினதை எங்க போட்டீங்க?”

“டப்பாவுலதான்! நீதானே கொட்டக் கூடாதுன்னே!”

“பழசு, புதுசு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க!”

டீச்சர் ஐந்து டப்பா கொண்டுவந்தார். முடிவெட்டுகிறவர் ஒரு பெயின்ட் வாளியையே தூக்கி வந்தார். சத்தம் கேட்டு, எதிர் வரிசையில் இருந்தும் ஆட்கள் டப்பாவோடு வரத் தொடங்கினார்கள். பின்கட்டில் கால் வைக்க இடமில்லை.

ஆய்வாளர் ஒரு சில்லை எடுத்து உடைத்துப் பார்த்தார். “இது சிமென்ட்டாக்கூட இருக்கலாமே?”

“எங்க தெருவுல நாலு வருஷமா ஒரு செங்கல்கூட யாரும் வைக்கல” என்றேன். “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க சார். இந்த வீட்டுக் குழாயில தண்ணி பிடிங்க, இப்பவே, என் கண்ணு முன்னாடி. சீல் வைங்க. நானும் கையெழுத்து போடறேன்.”

அவர் பதில் சொல்வதற்குள் அத்தை உள்ளே போய்க் கண்ணாடி டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்து நீட்டினார். போன முறை கேன் தண்ணீரைத் தட்டில் வைத்துக் கொடுத்தவர்.

“வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க.”

அவர் டம்ளரை வாங்கினார். டப்பாக்களைப் பார்த்தார். மெதுவாகச் சுவர்மேல் வைத்தார்.

“குடிக்கலன்னும் எழுதிக்கோங்க” என்றார் அத்தை.

அதை அவர் எழுதவில்லை. ஆனால் மூன்று இடத்திலும் தண்ணீர் பிடித்து சீல் வைத்தார். போட்ட இரண்டு டிக்கையும் அடித்தார். வீட்டுக் குழாய்களில் பிடித்த நீரின் பரிசோதனை முடிவு வரும்வரை கடை மூடலை நிறுத்திவைப்பதாக எழுதிக் கையெழுத்திட்டு நகல் கொடுத்தார். நான் அந்த இடத்திலேயே இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

அவர் போன கையோடு கடைக்குப் போனேன். நோட்டீஸை நான்காவது முறையாகப் படித்தேன். கிழித்தேன். ஷட்டரைத் தூக்கப் போனபோது பின்னால் அத்தையின் குரல்.

“இரு, பாதி ஒட்டிட்டிருக்கு. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

அவர் கையில் வினிகரும் கரண்டியும் இருந்தன. காலையில் நான் பல்லைக் கடித்து விழுங்கியதை அவர் கவனித்திருப்பார் என்று தெரியும். “மன்னிச்சுக்கோங்க அத்தை” என்றேன். அவர் காதில் வாங்காத மாதிரி பசையைச் சுரண்டினார். சுரண்டிய காகிதத்தை எல்லாம் ஒரு காலி டப்பாவில் போட்டு, ஆணி கேட்டார். கொடுத்தேன். மேலே தேதியைக் கீறினார்.