ஒற்றை ஓஸ்

சென்னம்மாளுக்குக் காலையிலிருந்தே எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. எட்டு மணிக்கு வருகிறேன் என்ற கொழுந்தன் மாதேஷ் பத்தரைக்கு வந்தான். வந்தவன் டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னங்க அண்ணி, பொம்ம வண்டியாட்ட இருக்குது" என்றான். மோகனூர் ரோட்டில் டிப்பர் பட்டறை வைத்திருப்பவனுக்குச் சின்ன டிராக்டர் பொம்மையாகத்தான் தெரியும். அந்தப் பொம்மைதான் ஆறு வருடமாக இரண்டரை ஏக்கர் கரும்புக் காட்டைப் பார்த்துக்கொள்கிறது. அதை ஓட்டுகிறவளும் அவள்தான்.

போன பொங்கலுக்கு ஸ்கூட்டியிலிருந்து விழுந்து வலது தோள்பட்டை விலகியதில் வந்தது வினை. ஸ்டியரிங் பிடிப்பதில் சிரமமில்லை. டாப் லிங்க்தான் படுத்தியது. வண்டிக்கும் பின்னால் மாட்டுகிற மண் நிரவும் பிளேடுக்கும் நடுவே மேல்பக்கம் இருக்கும் திருகுக் கம்பி அது. சுருக்கினால் பிளேடு மண்ணைச் சீவும், நீட்டினால் பரப்பிவிடும். மேட்டில் ஒரு தரம், பள்ளத்தில் ஒரு தரம் இறங்கி இறங்கித் திருக வேண்டும். தோளுக்கு மேல் எழும்பாத கையை வைத்துக்கொண்டு எதைத் திருகுவது?

புருஷன் காளியண்ணன் லாரியோடு குஜராத்தில் இருந்தார். அங்கிருந்தபடியே போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். முடியாதவளுக்கு வண்டி எதற்கு, ஓமலூர்க்காரர் ஒருத்தர் விலைக்குக் கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கட்டும் என்று. ஆயிலில் நீண்டு சுருங்கும் டாப் லிங்க் இருக்கிறதாம், சீட்டில் உட்கார்ந்தபடி லீவரைத் தள்ளினால் போதுமாம், அதைப் போட்டுப் பார்க்கலாம் என்று அவள் நாள் முழுக்க மன்றாடினாள். கடைசியில் சரியென்றார். இன்று சனிக்கிழமை.

மாதேஷ் போர் போடுகிற பழைய ரிக் வண்டியின் சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். டாப் லிங்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதை மாட்டினான். ஆயில் போவதற்கு அதில் இரண்டு வாய் இருந்தது. ஒன்றில் ஓஸ் குழாயைப் பூட்டினான். மற்றதில் காற்றுப் போக ஓட்டை போட்ட மூடியைத் திருகினான்.

"ரெண்டுக்கும் ஓஸ் வேணுமல்லங்க தம்பி?" என்றாள் சென்னம்மாள்.

"டிப்பருக்கு ஒண்ணுதானுங்க அண்ணி. ஆயில் தூக்கும், பாரம் தானா இறக்கும். ஆயிரம் வண்டிக்குப் பூட்டியிருக்கறேன்."

"டிப்பர்ல பாரம் மேல நின்னு அமுக்குது. இது பின்னாடியல்ல தொங்குது? டாப் லிங்க் பின்னக் கழட்டுனா பிளேடு பின்னாலதானுங்க சாயும். நான் எத்தன தரம் பாத்திருக்கறேன்."

"நீங்க ஊட்டுக்குப் போயி டீ வெச்சுக் கொண்டாங்க அண்ணி."

ஆத்திரத்தில் டீக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டாள். அவனும் அதை அப்படியே குடித்து முடித்தான்.

பிறகு வண்டியைக் கிளப்பிப் பிளேடைத் தூக்கினான். தரையை விட்டு எழும்பியதுதான் தாமதம், சிலிண்டர் தன் பாட்டுக்கு முழு நீளத்துக்கும் உருவிக்கொண்டு வந்தது. பிளேடு பின்பக்கமாகச் சாய்ந்து மண்ணில் குத்தி நின்றது. லீவரை எந்தப் பக்கம் தள்ளியும் சுருங்கவில்லை. ஆயில் பத்தவில்லை என்றான், ஊற்றினான். காற்று அடைத்திருக்கிறது என்றான், ஓஸைக் கழற்றி மாட்டினான். பம்புக்குத் தெம்பில்லை என்று வண்டி மேலேயே பழியைப் போட்டான். ஒவ்வொரு தரமும் பிளேடு அதே மாதிரி சாய்ந்தது. மணி ஒன்றரை ஆகிவிட்டது. சொன்னதை ஒரு தரம் காது கொடுத்துக் கேட்டால் இவனுக்கு என்ன குறைந்துவிடும் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாதேஷ் ஸ்பேனரைக் கீழே வைத்தான். வெகுநேரம் சிலிண்டரையே பார்த்தான்.

"இன்னொரு ஓஸும் போட்டு, இழுக்கறதுக்கும் ஆயில் உடோணுமாட்ட இருக்குதுங்க அண்ணி" என்றான், தானே கண்டுபிடித்தவன் மாதிரி. பேசினால் வாயில் என்ன வரும் என்று பயந்து டீ டம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தாள் அவள்.

நாமக்கல் போய் ஓஸ் வாங்கித் திரும்ப நாலு மணி ஆயிற்று. மூடியைக் கழற்றிவிட்டு இரண்டாவது ஓஸையும் பூட்டினான். சென்னம்மாள் சீட்டில் ஏறி, இடது கையால் லீவரைத் தள்ளினாள். டாப் லிங்க் நீண்டது. இழுத்தாள், சுருங்கியது. தூக்கிய பிளேடு அப்படியே நின்றது. கரும்பு வெட்டிய காட்டின் மேட்டுப் பக்கம் ஒரு நடை ஓட்டிப் பார்த்தாள். ஒரு தரம்கூட இறங்கவில்லை. காலையிலிருந்து பட்டதெல்லாம் போன இடம் தெரியவில்லை. மாதேஷைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது.

திரும்பி வந்து நிறுத்தும்போது அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, வேல முடிஞ்சுது. நாளைக்கு ஓமலூர்க்காரர வரச் சொல்லு. இதப் பாத்தார்னா கையோட ஏத்திட்டுப் போயிருவாரு."

"அதுக்குத்தானடா போடச் சொன்னேன்" என்றார் காளியண்ணன்.

சென்னம்மாள் இஞ்சினை அணைக்காமல், சீட்டில் இருந்தபடியே குனிந்து போனை வாங்கினாள்.

"ஏனுங்க, பொம்பளைக பேருல வாங்குனா மானியம் சேத்திக் கெடைக்கும்னு வண்டிய எம்பேருல எழுதுனது நீங்கதானுங்க. வித்தா நாந்தான் கையெழுத்துப் போடோணும். நான் போடறதா இல்லீங்க."

போனை மாதேஷிடம் கொடுத்துவிட்டு, மேட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினாள். இன்னும் காடு பூராவும் நிரவப் பாக்கி இருந்தது.