மராங்கு வழியா, லெமோஷோ வழியா

மலையேறும் பெர்மிட்டில் 'மராங்கு, ஐந்து நாள்' என்று இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லெமோஷோ வழியாக எட்டு நாள் என்றுதான் பேச்சு. மேற்கே காட்டுக்குள் தொடங்கி, சுற்றி வளைத்து, பகலில் உயரம் ஏறி, கீழே இறங்கித் தூங்கிப் போகிற வழி அது. உடம்புக்கு மலையைப் பழக்கும். மராங்கு அப்படியில்லை. மூன்றாம் நாளே உச்சிக்குக் கீழே கடைசித் தங்கலான கிபோ குடிலில் இருப்பீர்கள், உங்கள் நுரையீரல் இன்னும் முதல் நாளில் இருக்கும்.

மாற்றியது என் தாய்மாமன் அனாயேலி. மலையடிவார மோஷி ஊரில் நான் வேலை பார்க்கும் சின்ன மலையேற்றக் கம்பெனி அவருடையது. கிளிமஞ்சாரோவில் முப்பது வருஷம் தலைமை வழிகாட்டி. நான் ஒன்பது வருஷம் தலையில் மூட்டை சுமந்து, பரீட்சை எழுதி, முதல்முறையாகத் தலைமை ஏற்றுப் போகிற பயணம் இது.

கூட்டிப்போக வேண்டியவர் ஒரே ஆள். கொம்போ, டாங்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன வருஷம் மாமா அவரை இதே மராங்கு வழியில் ஐந்து நாள் கணக்கில் ஏற்றினார். கிபோ குடிலில் கொம்போவுக்கு நுரையீரலில் நீர் கோத்து, இளஞ்சிவப்பு நுரையாக இருமினார். ஒற்றைச் சக்கர ஸ்ட்ரெச்சரில் கட்டி, ஆறு பேர் பிடித்து, ஓட்டமாக இறக்கினோம். அதில் நானும் ஒருத்தி. அந்த இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது. மாமாவோ, ஆளுக்கு நெஞ்சு பலமில்லை என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டார்.

"எட்டு நாள்னு சொன்னேனே மாமா."

"மராங்கு நம்ம ஊரு வழிடி. எங்கப்பா போனது, நான் போனது. அதை விட்டுட்டு மேற்கே சுத்திக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும்."

"போன வருஷம் சிரிச்சது பத்தலையா?"

"ஐகாண்டே, உனக்கு வாய் நீண்டுபோச்சு. சரி, ஒரு நாள் கூட்டிக்க. ஆறு."

"எட்டு. இல்லைன்னா வேற ஆளைப் பாருங்க."

சொல்லிவிட்டேன். ஒன்பது வருஷ மூட்டை ஒரே வார்த்தையில் போய்விடும். போனால் போகட்டும், இன்னொரு தரம் அந்த ஸ்ட்ரெச்சரைப் பிடிக்க மாட்டேன்.

மாமா கொல்லைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் நீளமான பச்சை இலை, நடுவில் முடிச்சு. வேலியோரத்து இசாலே. எங்கள் சாக்கா இனத்தில் ஒருவர் அந்த இலையை நீட்டினால் எதிராளி மன்னித்தே ஆக வேண்டும். கொலைப் பகையே அதில் தீர்ந்திருக்கிறது. மறுத்தவர் வீட்டில் பிறகு யாரும் சோறு தின்ன மாட்டார்கள்.

"உன்னைக் கேக்காம பெர்மிட்டை மாத்தினது தப்புதான். இந்தா. வாங்கிக்கிட்டு வண்டியில ஏறு."

கிழட்டு நரி! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எனக்குச் செஞ்சதை இலை இல்லாமலே மன்னிச்சுட்டேன் மாமா. ஆனா இலை நடந்ததுக்குத்தான். இனிமே செய்யப்போறதுக்கு இல்ல. நடந்ததுக்குன்னா, அது போக வேண்டிய ஆளு அதோ, வண்டிகிட்ட ஷூ கட்டிக்கிட்டிருக்காரு."

"அவரு கடற்கரை ஆளு. அவருக்கு இதைப் பத்தி என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியுமில்ல?"

மாமா என்னைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். முறித்த இசாலேயைக் கீழே போடவும் முடியாது. கடைசியில் நடந்தார். உச்சிக்குக் கடைசி மேட்டில்கூட அவர் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை.

கொம்போ இலையை வாங்கி முகர்ந்து பார்த்தார். "மெல்லறதா, தேய்ச்சுக்கறதா?"

"ரெண்டும் இல்ல ஐயா." மாமா அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "போன வருஷம் உங்களுக்கு நெஞ்சு பலமில்லைன்னு சொன்னேன். பொய். ரெண்டாம் நாளே உங்களுக்குத் தலைவலி, சாப்பாடு இறங்கல. நான் நிறுத்தியிருக்கணும். ஏத்திக்கிட்டே போனேன். தப்பு என்னோடது."

கொம்போ ஷூக் கயிற்றை அப்படியே விட்டுவிட்டார்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல. மெதுவா ஏறினா நீங்க ஏறிடுவீங்க."

"டாக்டரும் நெஞ்சு நல்லா இருக்குன்னுதான் சொன்னாரு. ஆறுதலுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். மலையில கூட இருந்த ஆளு நீங்கதானே. உங்க பேச்சைத்தான் நம்பினேன்."

மாமா எழுந்தார். பெர்மிட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, மாற்றி வருவதாகச் சொல்லி வண்டியை எடுத்தார். மதியத்துக்குள் எட்டு நாள் லெமோஷோ பெர்மிட்டோடு வந்து நின்றார்.

அதற்கு முன்பே கொம்போ என்னிடம் போன் கேட்டார். அவருடையதை டாங்காவில் மகனிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாராம். கைக்கடிகாரத்தையும்தான். எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன், அவர் கண்ணைப் பார்த்ததும் புரிந்தது: நெஞ்சு பலமில்லை என்று நம்பி வந்தவர், திரும்பிப் போவோம் என்று நினைக்கவே இல்லை. எண்ணை அழுத்தித் தந்தேன்.

மறுமுனையில் அவர் மனைவி எடுத்தாள்.

"நான்தான்," என்றார். "அழாத. எட்டு நாளாகும். நான் திரும்பி வந்துடுவேன்."