வாரத்தில் ஒரு நாள்

ஜிம் நடத்துகிற கிளைட்டன், பிரஷ் வாங்கப் பெயிண்ட் கடைக்கு வந்தபோது கடையில் சந்தனமாரி மட்டும்தான் இருந்தாள்.

"அண்ணாச்சி செவ்வாய்க்கிழமை பெல்ட்டை ஜிம்முல மறந்து வச்சிட்டுப் போயிட்டாவக்கா."

"நேத்தும் வந்தாவளே, அப்பவே குடுத்திருக்கலாம்லா?"

"நேத்தா? நாலஞ்சு மாசமா செவ்வாய் மட்டுந்தான வாராவ."

அவள் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அவள் கணவர் மந்திரமூர்த்தி ஞாயிறு தவிர தினமும் மாலையில் ஜிம் பையோடு கிளம்புகிறவர். அவர் திரும்பும்வரை கடையில் அவள்தான் பெயிண்ட் வாளிகளைத் தூக்கி வைப்பாள்.

அன்று இரவு பையைத் திறந்து பார்த்தாள். துண்டில் வியர்வை வாடையே இல்லை. ஆனால் மனுசனுக்குச் சட்டைக் கை இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. போகாவிட்டால் உடம்பு வற்றியிருக்க வேண்டுமே? ஊசி ஏதும் போடுகிறாரோ? தூங்கும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தடயம் எதுவும் இல்லை.

மறுநாள் கிளைட்டனிடமே போய்க் கேட்டாள்.

"ஒரு நாள் வந்தா உடம்பு நிக்குமா?"

"நிக்கும்க்கா. உடம்பை ஏத்துறதுக்குத்தான் பாடு. ஏத்துனதைக் காப்பாத்த கொஞ்சம் போதும். தூக்குற எடையை மட்டும் குறைக்கக் கூடாது. அண்ணாச்சி குறைக்கல."

உடம்பைப் பற்றிய சந்தேகம் தீர்ந்தது. அப்படியானால் மற்ற மாலைகளில் எங்கே போகிறார்? யாரைப் பார்க்க?

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியில் பின்னால் போனாள். அவர் ஜிம்மைத் தாண்டி பீச் ரோட்டில் திரும்பினார். துறைமுகப் பக்கம் கல் பெஞ்சில் உட்கார்ந்து வெளியே நிற்கிற கப்பல்களைப் பார்த்தபடி கடலை கொறித்தார். ஒரு காரின் மறைவில் நின்று பார்த்தாள். இருட்டிய பிறகும் யாரும் வரவில்லை.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் திடுக்கிட்டார்.

"ஏளா, கடை?"

"பூட்டிட்டேன். யாரு வாரா இங்கன?"

"யாரும் வரல."

கையை நீட்டினாள். போனைக் கொடுத்தார். தேடிப் பார்த்தாள். கடைக்கணக்கும் உறவினர்களும்தான் இருந்தார்கள்.

"பிறகு எதுக்கு வாரிய?"

"சும்மா உக்காரத்தான். உக்காரப் போறேன்னு சொன்னா விடுவியா? ஜிம்முன்னா யாரும் கேள்வி கேக்கல."

பெண் யாராவது இருந்திருந்தால் சண்டை போடத் தயாராக வந்திருந்தாள். இது அதைவிட வலித்தது.

"அந்த நேரமெல்லாம் நான் வாளி தூக்கிட்டு நின்னேன்லா?"

அவர் கடலைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். இருவரும் தனித்தனி வண்டியில் வீடு திரும்பினார்கள்.

அடுத்த வாரமே அவள் கிளைட்டனின் பெண்கள் வகுப்பில் சேர்ந்தாள். புதிதாக உடம்பை ஏற்றுகிறவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது வர வேண்டும் என்று அவன் சொன்னதை அப்படியே கணவரிடம் சொன்னாள். அந்த மாலைகளில் மந்திரமூர்த்தி கடையைப் பார்த்துக்கொண்டார். மிச்ச நாட்களில் பீச்சுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டே கிளம்பினார். முதல் இரண்டு வாரம் அவள் ஜிம்மிலிருந்து கடைக்குப் போன் போட்டு, அவர் குரலைக் கேட்ட பிறகுதான் எடையில் கை வைத்தாள்.